இருபது கிராம் கத்தி

12.12.2006 செவ்வாய். கார்த்திகை 26. நல்ல பனி.

இருந்தவர்கள்: நான். மகள் செல்வி. அவள் சிநேகிதி ரோஸ்லின். எதிர்வீட்டுச் செவலை நாய் (முன்னால் ஓடியது, கணக்கில் சேராது). ஆக மூன்று பேர், ஆறு கால்.

கேட்ட காலடிச் சத்தம் ஆறு இல்லை. எட்டு.

நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும். எழுதினால் நிஜமாகிவிடுமோ என்று எழுதாமல் இருந்தேன். இன்று எழுதிவிட்டேன், முருகா.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தை பிறந்ததும் கடலூரில் போலீஸ் செலக்‌ஷன். எழுத்துப் பரீட்சை தேறியாயிற்று. ஓட்டம்தான் பாக்கி. விடிகாலை ஐந்துக்கு மேல் தெருமுனையில் ஆரம்பித்து, பேட்டை ரோட்டில் கடைசி விளக்குக் கம்பம் வரை போய்த் திரும்ப. நான்கு தடவை. கம்பத்துக்கு அப்பால் சின்னப் பாலம். அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று செல்வி கேட்கவில்லை. அவள் சித்தி வசந்தா விழுந்தது அங்கேதான்.

முதலில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டதிலிருந்து நானும் பின்னாலேயே ஓடுகிறேன். சேலையைத் தூக்கிச் செருகி, உள்ளே செல்வியின் பழைய சுடிதார் பேன்ட். வெறுங்கால்.

செ.: "ம்மா, நீ ஓடறியா, எங்கள வெரட்டறியா?"

ரோ.: "வெரட்டட்டும் வுடு. பெரீம்மா வந்தாதான் எனக்கு பயத்துல வேகம் வருது."

இன்றும் ரோ. முதல். செ. பத்தடி பின்னால்.

செய்ய வேண்டியது: கொண்டைக்கடலை ஊறப்போட, இரண்டு பேருக்கும். விளக்குத் திரி. கத்தி பார்க்க.


13.12 புதன். பனி குறைவு.

ஓட்டம் நான்கு தடவை. எட்டு. நாங்கள் நின்ற பிறகு அந்தக் கால் இரண்டு அடி கூடுதலாக வைத்து நின்றது. பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை போல. விசாரிக்கவும் பயம்.

பத்து மணிக்கு வீட்டில் இருந்த கத்திகளைப் பையில் போட்டுக்கொண்டு முனை மளிகைக் கடை. எலக்ட்ரானிக் தராசு அங்கேதான்.

காய் நறுக்கும் கத்தி, மரப்பிடி: 95 கிராம். இடுப்பில் செருகி வாசலில் ஓடிப் பார்த்தேன். நழுவிக் காலருகில் விழுந்தது. சுண்டுவிரல் தப்பியது சாமி புண்ணியம்.

மடக்குக் கத்தி, வீட்டுக்காரர் தேர்த் திருவிழாவில் வாங்கியது: 60. திறக்க இரண்டு கை வேண்டும். நகம் உடைந்தது. ஆபத்து வரும்போது "கொஞ்சம் இருப்பா" என்று சொல்லிவிட்டா திறப்பது.

அட்டை வெட்டும் பிளேடு கத்தி, செ.யுடையது: 25. கனமே இல்லை. ஆனால் ஓடினால் உள்ளே கடகடவென்று ஆடுகிறது, பிளேடு தானாக வெளியே வருகிறது. வேண்டாம்.

கடைக்காரர்: "என்னாங்க, கத்தியெல்லாம் கிலோ கணக்குல விக்கப் போறீங்களா?"

"ஓடறப்ப கனக்கக் கூடாது அண்ணே. அதுக்குத்தான்."

"ஓடறதுக்கு எதுக்குங்க கத்தி? ஓடிட்டாதான் கத்தியே வேணாமே!"

எண்ணெய் வாங்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.


14.12 வியாழன்.

அவரிடம் சொன்னேன். சோறு போடும்போது சொன்னால்தான் காதில் வாங்குவார்.

"ஓடறப்ப கையில வச்சிக்கிற மாதிரி லேசா ஒரு கத்தி வேணும்."

"யாரக் குத்தப் போற?"

"யாரையும் இல்ல."

"அப்பறம்?"

"கையில ஒண்ணு இருந்தா பின்னால திரும்பிப் பாக்க தைரியம் வரும்."

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மோர் கேட்டார். அவ்வளவுதான்.


15.12 வெள்ளி. தலைக்குக் குளித்தேன். கோயில், ஒன்பது சுற்று.

அவர் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியிலிருந்து ஒரு கத்தி கொண்டுவந்தார். கைகழுவும் பேசினை அச்சிலிருந்து எடுத்ததும் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சீவுகிற கத்தி. கடையில் விற்கிற சாமான் இல்லை. தேய்ந்துபோன ஆக்ஸா பிளேடைக் கல்லில் தீட்டி ஆட்கள் அவரவர் கைக்குச் செய்துகொள்வது. இதற்குப் பிடி, சைக்கிள் டியூப் சுற்றியது. நீளம் என் கையால் ஒரு சாண்கூட இல்லை.

தராசில் 20 கிராம். எடுத்தால் எடுத்த மாதிரியே தெரியவில்லை.

பழைய ரெக்சின் பையை நறுக்கி உறை தைத்தேன், இரட்டைத் தையல். கிழிந்த ஸ்கூல் சாக்ஸின் எலாஸ்டிக்கில் கோத்து இடது முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக. வலது கையால் உருவ வேண்டும். உறையிலிருந்து கைக்கு வர: ஒன்று, இரண்டு. மூன்று எண்ணுவதற்குள் வந்துவிடுகிறது. இருபது தடவை பழகினேன்.

ஒரே குறை. பிடியில் பெருவிரல் பதிய ஒரு பள்ளம் இருக்கிறது. வலது கையில் பிடித்தால் அது இடம் மாறி நிற்கிறது. யாரோ இடது கைக்காரன் செய்தது.

சாமி படத்துக்குக் கீழே வைத்துக் குங்குமம் வைத்தேன். ஆயுத பூஜை மாதிரி. செ. தலையில் அடித்துக்கொண்டாள்.


16.12 சனி. மார்கழி 1.

நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர். கோலம், பூசணிப்பூ. பிறகு ஓட்டம், முதல்முறை கத்தியோடு.

கோலம் போட்டுக்கொண்டிருந்த மூன்றாம் வீட்டம்மா: "பொண்ணுக்குப் போலீஸு வேலையா, ஒங்களுக்காங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே யூனிபாரம்தாங்க" என்றாள் செ.

கையில் கத்தி இருப்பதே தெரியவில்லை. வியர்த்தபிறகு எலாஸ்டிக் கொஞ்சம் அரிக்கிறது. நாளை பவுடர்.

மூன்றாவது தடவை கேட்டது. ஆறோடு இரண்டு. உறை ஆடுகிற சத்தமோ என்று வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இல்லை. வெறுங்கால் சத்தம், என் காலைவிடக் கனமானது. உருவினேன். ஒன்று, இரண்டு. திரும்பினேன்.

யாரும் இல்லை. பனி. கம்பத்து வெளிச்சம். கம்பெனிக்குப் போகிற லாரி சிந்திவிட்டுப்போன பீங்கான் மண்ணால் வெள்ளையான ரோட்டில் ஈரம். அதில் காலடி. செருப்புக்கால் இரண்டு ஜோடி, பிள்ளைகளுடையது. வெறுங்கால் என்னுடையது. இன்னொரு வெறுங்கால், பெரியது.

காலை ஷிப்ட்டுக்குப் போன யாராவதாக இருக்கும். எத்தனையோ பேர் போகிற ரோடு.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பார்த்தேன். கணுக்கால் வரை வெள்ளை. என் கால். செல்வியின் கால். அவர் வேலைவிட்டு வரும்போதும் அதே வெள்ளை. இந்த ஊரில் யார் காலைத்தான் கழுவினால் வெள்ளை வராது? இதை மூன்று வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்க வேண்டும்.


17.12 ஞாயிறு.

ரோ.வுக்குச் சர்ச். ஓட்டம் இல்லை. பச்சைப்பயறு ஊறப்போட்டேன். வேறு எழுத முடியவில்லை.


18.12 திங்கள்.

ஓடி முடித்து வாசலில் உட்கார்ந்தோம். கடலையைக் கிண்ணத்தில் கொடுத்தேன். ரோ. கிண்ணத்தை வாங்காமல் என் கையையே பார்த்தாள்.

"பெரீம்மா, அதக் குடுங்க."

உருவிக் கொடுத்தேன். இடது கையில் வாங்கினாள். அவள் எழுதுவதும் இடது கையால்தான், எனக்கு ஏன் நினைவு வரவில்லை. பெருவிரல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது, அளவெடுத்த மாதிரி.

"இது எங்க அப்பா கத்தி பெரீம்மா. இந்த டியூபு எங்க சைக்கிளுது. நான்தான் இழுத்துப் புடிச்சிக்கிட்டேன், அவரு சுத்துனாரு."

ரோஸ்லின் சவரியின் மகள். இந்த நோட்டில் இதுவரை அதை நான் எழுதவில்லை. சவரி, அவரோடு அச்சுப் பிரிவில் வேலை பார்த்த ஆள். வேப்பூர் ரோட்டில் லாரி மோதிப் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது.

செ.: "உங்க அப்பா ஓடுவாராடி? உனக்கு இந்த வேகம் எங்கேருந்து வந்துது?"

"ஓடாம? தெனம் சங்கு ஊதறதுக்குள்ள கேட்டுக்குள்ள போவணுமே. செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு இதே ரோட்டுல ஓடுவாரு. அம்மா திட்டும், ஊரே சிரிக்குதுன்னு."

பிறகு கடலையை மென்றுகொண்டே சொன்னாள், ரொம்பச் சாதாரணமாக:

"வசந்தாக்காவத் தூக்கிக்கிட்டு வந்தப்ப அப்பா போட்டிருந்த சட்ட இன்னும் வூட்டுல இருக்குது பெரீம்மா. அம்மா எவ்வளவோ தொவச்சிப் பாத்துச்சி. கறை போவல."

நான் உள்ளே போய்விட்டேன். பால் பொங்குகிறது என்று சொன்னேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.


19.12 செவ்வாய்.

உடம்பு சரியில்லை என்று ஓட்டத்துக்குப் போகவில்லை. பிள்ளைகளோடு அவரை அனுப்பினேன். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"அன்னைக்கி வசந்தாவ யார் தூக்குனது?"

"என்னா கேள்வி இது? சவரிதான்."

"சவரி அங்க எப்படி வந்தான்?"

"நாலு மணியிலேருந்து நானும் அவனும்தான் சூளை எறக்கிக்கிட்டு இருந்தோம். நீ கம்பெனி கேட்டாண்ட வந்து கத்துன. ரெண்டு பேரும் ஓடியாந்தோம். நான் ஆட்டோ புடிக்கப் போனேன். அவன் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடனான். நீ பக்கத்துலதான ஓடியாந்த?"

"ஏன் எங்கிட்ட இத்தன நாளா சொல்லல?"

"ஒனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறன்?"

எனக்குத் தெரியவில்லை. எனக்கு இருப்பது ஒன்றுதான்: இரண்டு கை. முழங்கை வரை வெள்ளை. அந்த வெள்ளைமேல் சிவப்பு. முகம் இல்லை. நான் வசந்தாவின் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். அவள் தலைகீழாகத் தொங்கினாள். கண் திறந்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தரையை.


20.12 புதன்.

இதை எழுதாமல் தூங்க முடியாது என்பதால் பகலிலேயே எழுதுகிறேன். அவர் வேலையில். செ. டைப்பிங் கிளாஸில்.

வசந்தா விடிகாலை பஸ்ஸுக்குப் போனாள். பாலத்தில் யாரோ செயினை இழுத்துத் தள்ளினான். கல்லில் தலை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். பேசியது ஒரே வார்த்தை, எத்தனையோ தடவை: "வெள்ளக் காலுக்கா. வெள்ளக் காலு." போலீஸுக்கு ஆள் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் மணவாளநல்லூர் போனேன். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட. ஊரே கட்டுகிறதுதானே. குறையைத் தாளில் எழுதி சாமி காலடியில் வைத்து, முனியப்பர் வேலில் கட்டிவிட்டால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு. தீர்ந்ததும் திரும்பப் போய், வழக்கு முடிந்தது என்று ராஜினாமா கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கு நடந்துகொண்டே இருக்கும் என்பார்கள்.

எல்லாரும் நாலு வரி எழுதிக் கட்டுகிறார்கள். நான் ஐந்தாவதுதான் படித்தேன். ஆனால் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் எழுதுவதை நின்று பார்த்துக் கற்றவள். ஆகவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மனுதாரர். ஊர். குறை. எதிரி.

எதிரி என்ற இடம் காலியாக இருந்தது. பேர் தெரியாது என்று எழுதியிருக்கலாம். சாமிக்குத் தெரியாதா என்று விட்டிருக்கலாம். கோடு போட்ட இடத்தைக் காலியாக விட எனக்கு வராது. பால் கணக்கில்கூட, வாங்காத நாளுக்கு ஒரு சுழி போடுகிறவள் நான்.

யோசித்தேன். சவரி நினைவுக்கு வந்தான். அதற்கு இரண்டு வாரம் முன்னால் பம்பில் தண்ணீர் பிடிக்கும்போது, "என்னா வசந்தா, செயினு புதுசா?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். அது ஒன்று. அவன் காலும் வெள்ளை. அது இரண்டு. சாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அவன் வரவே இல்லை. அது மூன்று. (நான் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதனால் வரவில்லை. இதை இன்றுதான் எழுதுகிறேன்.)

மூன்று காரணம் சேர்ந்ததும் கணக்கு சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

எழுபத்தோராம் நாள் லாரி.

நாள்காட்டியில் தினம் ஒரு புள்ளி வைத்துவந்தேன், அதனால் தெரியும். செய்தி வந்ததும் சாமி படத்துக்குச் சூடம் ஏற்றினேன். அந்த வீட்டில் மாரடிக்கிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ராஜினாமா கொடுக்கப் போகவில்லை. பேர் எழுதியதை இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே என்று. ஆக, வழக்கு இன்னும் நடக்கிறது. எதிரி இன்னும் ஆஜராகிறான். தினம் காலை ஐந்துக்கு மேல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.


21.12 வியாழன்.

ஓடினேன். கத்தி எடுத்துப் போகவில்லை. எட்டு. திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தியை ரோ.விடம் கொடுத்துவிட்டேன், உறையோடு. அவள் கைக்கு எலாஸ்டிக்கைக் குறைத்துத் தைத்தேன். அவள் வலது கையில் கட்டி இடது கையால் உருவிப் பார்த்தாள். ஒன்று. இரண்டுகூட எண்ணவில்லை.

"செலக்‌ஷனுக்கு இத உள்ள வுடமாட்டாங்கடி" என்றாள் செ.

"கேட்டாண்ட ஒங்க அம்மாகிட்ட குடுத்துட்டு ஓடறேன். பெரீம்மா வெளியில நிக்கட்டும். அப்பா நிக்கிற மாதிரி இருக்கும்."


22.12 வெள்ளி. வானம் மூட்டம்.

இரண்டாவது ட்ரிப் டவுன் பஸ்ஸில் மணவாளநல்லூர். நெய்விளக்கு இரண்டு. வேலில் பிராதுகள் கொத்துக்கொத்தாக. சில தாள் மக்கி வெள்ளையாகிவிட்டன. என்னுடையது எது என்று தெரியவில்லை.

சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்தவர் நல்ல மாதிரி. "பிராதாம்மா, ராஜினாமாவா?"

"மூணு வருசத்துக்கு முன்ன கட்டனதுங்க."

"அப்ப ராஜினாமா. காரியம் முடிஞ்சிதுங்களா?"

கையிலிருந்த சில்லறையை எண்ணினேன்.

"முடிஞ்சிருந்தா ராஜினாமா குடுத்துடுங்க. முடியலன்னா புதுசா எழுதிக் கட்டுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லணும்மா, பின்னால ஆளு நிக்கிறாங்க."

திரும்பிப் பார்த்தேன். மாடு காணாமல் போனதற்குப் பிராது கட்ட வந்த ஒரு சேத்தியாத்தோப்பு ஆள். அவனுக்கு வழிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் ரோ. எட்டிப் பார்த்தாள். "பெரீம்மா, கிறிஸ்மஸுக்கு எங்க வூட்டுல ஒங்க நாலு தட்டுக்கும் கேக்கு. நானே கொண்டாறேன். சாப்புடணும், சாமிக்கு வெரதம்னு சொல்லக் கூடாது."

நாங்கள் மூன்று பேர்தான். நாலு என்கிறாள். வசந்தாவுக்கும் சேர்த்துப் படைக்கச் சொல்லி அவள் அப்பா பழக்கிவிட்ட கணக்காம்.


23.12 சனி.

திங்கட்கிழமை கட்ட வேண்டிய தாள். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். கோடு போடவில்லை.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கு, பெரியார் நகர் பின்தெரு செல்வியின் அம்மா எழுதிக்கொள்வது. மூன்று வருஷத்துக்கு முன் இதே கையால் ஒரு பேர் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பேரை நீ எடுத்துக்கொண்டாயா, இல்லை அந்த லாரி தானாக வந்ததா, அதை நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. என் தங்கை வெள்ளைக் கால் என்று சொன்னது தள்ளினவன் காலையா, தூக்கினவன் காலையா. தோளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவள் கடைசியாகப் பார்த்தது எந்தக் கால். உனக்குத் தெரியும்.

எதிரி:

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீயும் எதுவும் எழுதிவிடாதே.

அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் தை மாதம். அவளிடம் இப்போது சொன்னால் கால் ஓடாது. சொல்லாமல் விட்டால் என் கையால் அவள் கடலையும் நான் அவள் கேக்கும் சாப்பிட வேண்டும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை கேக்கோடு வருவாள். தொண்ணூறு நாள் எனக்கு வேண்டாம். சீக்கிரம் பதில் சொல்.